ஒரு சாண்

மலையைக் குடைந்து போட்ட சுரங்கச் சாலை அது. அதன் இரண்டு வாய்களிலும் தாருக்கு அடியில் சென்சார் புதைத்திருந்தார்கள். மேலே ஓடும் வண்டியின் வேகத்தையும் நீளத்தையும் அவை கண்காணிப்பு அறையின் திரைக்கு அனுப்பும். வேகத்தில் குழப்பமில்லை. ஆனால் அந்தப் பக்கம் நுழைந்த ஒவ்வொரு வண்டியும் இந்தப் பக்கம் ஒரு சாண் குறைந்து வெளியே வந்தது. அங்கே வேலை பார்த்த எஸ்தர் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டாள். இரண்டையும் இடம் மாற்றிப் புதைத்தும் அதே ஒரு சாண். அடுத்து, பக்கத்து நாற்காலியில் ஓயாமல் ஷூவைத் தரையில் தட்டிக்கொண்டே திரை பார்க்கும் காசிராஜனைச் சந்தேகப்பட்டாள்.

"நீ எதையாவது திருகி வெச்சிருக்கியா?"

"எனக்கு வேற வேலை இல்லையாக்கா?"

ஒரு வாரம் கழித்து, வெளியே வந்த லாரி ஒன்றை நிறுத்தித் தானே டேப் பிடித்து அளந்தாள். ஆர்.சி. புத்தகத்தில் இருந்ததைவிட ஒரு சாண் குறைவு.

"வண்டில எதக் கழட்டுனீங்க?" என்று டிரைவர் அவளையே முறைத்தான்.

அறைக்குத் திரும்பியவள் காசிராஜனிடம் கேட்டாள்: "நீ தினமும் அது வழியாத்தானே பைக்ல வேலைக்கு வர்றே? உள்ள எதையாவது பாத்தியா?"

"இருட்டுதான்க்கா. கொஞ்சம் ஈரம். வேற என்ன?"

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அறை அமைதியாக இருந்தது. சில நாட்களாகவே அந்த ஷூச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மெல்லக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். அவன் கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன.