மூன்றாவது திட்டம்

“எங்ககிட்ட மூணு திட்டம் இருக்கு சார்,” என்றாள் போனில் ஆன்லைன் உதவியாளர் நிறுவனத்துப் பெண். “முதல் திட்டத்துல வேலையை ஞாபகப்படுத்துவோம். ரெண்டாவதுல போன் பேசறதையும் பார்த்துப்போம். மூணாவதுல, உங்க பேர்ல மெயில் எழுதறது வரைக்கும் எல்லாமே நாங்கதான்.”

“முதல் திட்டமே போதும்மா. ‘அப்பாவுக்கு ஒரு போன் பண்ணு’ன்னு என் பையனுக்கு ஞாபகப்படுத்தணும். நான் சொன்னதா காட்டிக்காதீங்க.”

“மெயிலும் போட மாட்டாரா?”

“சேச்சே! ஞாயித்துக்கிழமை தவறாம பெருசா எழுதுவான். தங்கமான பிள்ளை. குரலைக் கேட்டுதான் ரெண்டு வருஷமாச்சு. இங்க எனக்குப் பேச்சுத் துணை ரேடியோதான்.”

பெரியவர் மகனின் எண்ணைச் சொன்னார். அதைத் தட்டியதும் திரையில் அவளுடைய வாடிக்கையாளர் ஒருவரின் பெயர் வந்தது. அதை மறுபடி படித்தாள்.

“லைன்ல இருக்கீங்களாம்மா?”

“இருக்கேன்...” என்றவள் தன்னை மறந்து கேட்டுவிட்டாள். “முட்டி வலி இப்ப தேவலையாப்பா?”

“அதை என் பையனுக்கு மட்டும்தானேம்மா எழுதியிருந்தேன்?”

மறுமுனையில் வெகுநேரம் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

“திட்டமெல்லாம் வேண்டாம்மா,” என்றார் கடைசியில். “ஞாயித்துக்கிழமை எழுதறதை மட்டும் நிறுத்திடாதீங்க.”