ஒரே மூச்சில் நாற்பது

"ஒரே மூச்சுல எண்ணுங்க ஐயா. எங்க நிக்குதோ அங்க விட்டுடுங்க" என்றாள் சாயங்கால ஷிப்டுக்கு வந்த புது நர்ஸ்.

கட்டிலில் கிடந்த ஏலக்காரர் காற்றை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார். நாற்பதில் நின்றார்.

நர்ஸ் அட்டையில் குறித்தாள். காலையில் நாற்பது, மத்தியானம் நாற்பது, இப்போதும் நாற்பது. "மாறவே இல்லையே, நல்ல விஷயம்தான்க்கா" என்று அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள்.

மனைவி தன் கையிலிருந்த தலையணையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவர் காலில் செருப்பு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழங்கால் மடங்கியது. நேற்று இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

சதையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். சுருங்கு என்று மூளை போடும் உத்தரவு, பழுதான நரம்பைத் தாண்டிச் சதைக்குப் போய்ச் சேரவில்லை. மருந்து ஏற்றியாகிவிட்டது, மாதக்கணக்கில் ஆனாலும் எழுந்து நடப்பார் என்றார்.

ஆனால் மூச்சை இழுப்பதும் சதைதான். பழுது மார்பு வரை ஏறினால் அதுவும் துவண்டுவிடும். அதற்குள் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் இணைத்தாக வேண்டும். எண்ணச் சொல்வது அதற்காகத்தான். இருபதுக்குக் கீழே இறங்கினால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

பக்கத்துக் கட்டில்காரருக்குக் குழாய் போட்டுப் பத்து நாள் ஆயிற்று. பத்து நாளாக அவர் பேசுவதெல்லாம் கண்ணால்தான். ஏலக்காரர் நேற்று முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரலை வைத்துப் பிழைப்பவர். மீன் ஏலக்கூடத்தில் அவருக்கு 'மூச்சுவிடான்' என்று பட்டப்பெயர். அவர் வாயைத் திறந்தால் ஒரு ஈ கூட நடுவில் புக முடியாது என்பார்கள்.

நாற்பது என்னவோ நாற்பதுதான். காலையில் அவர் எண்ணி முடிப்பதற்குள் மனைவி அவர் காலுக்கு வைக்கும் தலையணைக்கு உறை மாற்றி, நுனியையும் மடித்துச் செருகியிருந்தாள். இப்போது அவர் நாற்பதைத் தொட்டபோது உறைக்குள் தலையணை பாதிகூடப் போகவில்லை.

புது நர்ஸுக்கு இது எப்படித் தெரியும்? அட்டையில் எண் ஏறும், வேகம் ஏறாது.

மனைவிக்கு அந்த வேகம் அத்துப்படி. இருபது வருஷம் அதே கூடத்தில் மீன் தரம் பிரித்தவள். மேலே இன்றைய மீனை அடுக்கி, அடியில் நேற்றையதை ஒளித்த கூடை வந்தால் அவர் இப்படித்தான் எண்களை விழுங்குவார். வாங்குகிறவன் உள்ளே கையை விடுவதற்குள் ஏலத்தை முடித்துவிடுவார்.

அவரைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அவர் கண்கள் கெஞ்சின. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தோரம் குழி விழுந்தது.

சொன்னால் குழாய். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. தலையணையைக் கட்டில்மேல் போட்டாள்.

நர்ஸ் அட்டையை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

"இரும்மா, போயிடாத" என்று எட்டி அவள் கையைப் பிடித்தாள் மனைவி. பிறகு அவர் முகத்தருகே குனிந்தாள். "ஏங்க, இப்ப என்கூடச் சேர்ந்து எண்ணுங்க. குழந்தைக்குச் சொல்லித் தர்ற மாதிரி, மெதுவா."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் விடவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு காற்றை இழுத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. இரண்டு குரல்களும் சேர்ந்தே போயின. ஐந்தில் அவர் குரல் கம்மியது. ஏழில் நர்ஸ் அட்டையை மறுபடி கையில் எடுத்திருந்தாள்.

"எட்டு" என்று சொன்னது ஒரு குரல்தான்.