கண்ணாடியில் பார்த்த பிளக்

"கண்ணு தெரியலேன்னா சொல்லுங்க மாமா. நான் பாக்கறேன்."

மருமகள் இதைச் சொல்வது முதல் தடவை இல்லை. வேனின் என்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த பெரியவருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"எனக்குக் கண்ணும் தெரியும், காதும் கேட்கும். நீ உன் வேலையைப் பாரும்மா."

"என் வேலையும் இதுதான் மாமா."

ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். அடங்குகிற ஜென்மமா அது?

பட்டறையை ஆரம்பித்தது அவர். மகனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவன் கட்டிக்கொண்டு வந்தவளும் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவளாக வாய்த்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாசம் ஒரு காரில் ஒரு போல்ட்டை இறுக்காமல் விட்டுவிட்டார். அவ்வளவுதான், அன்றிலிருந்து மகன் ஒரே பாட்டு. "போதும்பா, வீட்ல இருங்க."

இன்றைக்குக் காலையில் முடிவாகவே சொல்லிவிட்டான். "இந்த வேனையும் சொதப்பினீங்கன்னா நாளைலேர்ந்து பட்டறைப் பக்கமே வரக்கூடாது."

"பாக்கலாம்டா!" என்றார் இவர். வீட்டில் உட்கார்ந்து சுவரை வெறிக்கவா இத்தனை வருஷம் கிரீஸில் புரண்டார்?

வேனில் நாக் சென்சார் போயிருந்தது. என்ஜின் உள்ளுக்குள் தட்டுகிறதா என்று ஒட்டுக்கேட்டுக் கம்ப்யூட்டரிடம் கோள் சொல்கிற சாமான் அது. கம்பெனிக்காரன் அதை என்ஜினின் நடுப்பள்ளத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். அங்கே இருக்கிற சூட்டில் வெந்து வெந்து போகிறது. ஒவ்வொரு தடவையும் பாதி என்ஜினைக் கழற்றினால்தான் அதன் முகத்தையே பார்க்க முடியும்.

"இடத்தை மாத்திடலாம்டா. பின்பக்கம் ஒரு துளையைச் சும்மா பிளக் போட்டு அடைச்சு வெச்சிருக்கான். அதைக் கழட்டிட்டு அங்க உக்கார வெச்சா நாளைக்கு யார் வேணும்னாலும் கையை விட்டு மாத்திக்கலாம்" என்று யோசனை சொன்னது பெரியவர்தான். மகன் அரை மனசாகத் தலையாட்டிவிட்டு, நீள வயர் வாங்கி வரப் போயிருந்தான்.

பிளக்தான் மசியவில்லை.

அந்த இடுக்கில் கை போகும், தலை போகாது. குச்சி வைத்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, அதில் பார்த்துக்கொண்டே ஸ்பானரைத் திருப்பினார். எண்ணெய் விட்டு ஊறவைத்தார். தட்டிப் பார்த்தார். தம் பிடித்து இழுத்தார். பிளக்கின் முனைகள் மழுங்கினதுதான் மிச்சம்.

"கொஞ்சம் நகருங்களேன் மாமா."

"நகர மாட்டேன்."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"என் பட்டறை, என் பிடிவாதம். உனக்கென்ன?"

அவளுடைய போன் அடித்தது. மகன்தான். தள்ளிப் போய்த்தான் பேசினாள். இருந்தாலும் காதில் விழுந்தது.

"அது நடந்துட்டிருக்கு... இல்லீங்க, பிளக் இன்னும் வரலை... நீங்க முதல்ல வாங்க, பேசிக்கலாம்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோள் சொல்ல என்ஜினுக்குள் எதற்கு ஒரு சென்சார்? அதுதான் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே!

அந்தக் கோபத்தில் உடம்பு மொத்தத்தையும் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். ஸ்பானர் வழுக்கிக்கொண்டு போய் டணாரென்று தரையில் விழுந்தது.

அவள் ஓடி வந்தாள். அவரைத் தோளால் இடித்து நகர்த்தினாள். கண்ணாடியை உள்ளே விட்டு நன்றாகப் பார்த்தாள். அப்புறம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா... எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

அடக் கடவுளே! கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத்தானே தெரியும்? கழற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரமும் அதை இறுக்கியல்லவா இருக்கிறார்!

நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு. சொல்லிவிடுவாள். சொல்லாமல் விடுவாளா? நாளைலேர்ந்து அந்தச் சுவர்தான்.

அவள் ஒரு சைஸ் சின்ன ஸ்பானரை எடுத்து, மழுங்கிய தலையில் தட்டித் தட்டி ஏற்றினாள். எதிர்ப்பக்கம் திருப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் திருப்பினாள். கிரீச்சென்று ஒரு சத்தம். பிளக் கையோடு வந்துவிட்டது.

அதே நேரம் மகனும் வந்து நின்றான். பிளக்கை வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான். அவனும் தொழில்காரன்தானே, ஒரு நிமிஷம் போதும்.

"மழுங்கினதெல்லாம் இறுக்குற பக்கமா இருக்கு! கழட்டச் சொன்னா இறுக்கி வெச்சிருக்கீங்களா? எந்தப் பக்கம் திருப்பணும்னுகூடத் தெரியாமலா போச்சு? அப்பா, நான் காலைலயே என்ன சொன்னேன்?"

பெரியவர் நிமிர்ந்து நின்றார். போவதுதான் போகிறோம், தலை குனிந்து போவானேன்? "ஆமாடா, அதுக்கு இப்ப என்ன..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க மாமா!"

மருமகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"நான்தாங்க மாத்தித் திருப்பினேன். மாமாதான் கழட்டிக் கொடுத்தாரு. இப்ப என்ன செய்யப் போறீங்க? நாளைலேர்ந்து என்னை வீட்ல உக்கார வைக்கப் போறீங்களா?"