ஒளிந்துகொண்ட பட்டை

தங்கள் கம்பெனி தயாரிக்கும், ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி வரையும் மென்பொருளில் மெனு பட்டையை நறுமுகை மறைத்துவிட்டாள். திரை முழுவதும் துணிபோல விரிந்து கிடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "மறைச்சு வெச்சா ஜனங்க எங்க போய்த் தேடுவாங்க?" என்று கூட்டாளி ஆரோக்கியராஜ் கத்தினான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது, கம்பெனியே பிரிந்துவிடும்போலிருந்தது. கடைசியில், நாள் முழுக்க எம்பிராய்டரி வரையும் மெஹருன்னிசா சொல்வதே முடிவு என்று அவளை வரவழைத்தார்கள்.

அவள் மடியில் கைக்குழந்தையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவள் எதையும் தொடுவதற்குள் குழந்தை கீபோர்டில் ஓங்கி ஓர் அடி வைத்தது. அடி ஆல்ட் பட்டனில் விழ, திரையின் மேலே மெனு பட்டை எட்டிப் பார்த்தது. குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. மறுபடி அடித்தது; பட்டை ஒளிந்துகொண்டது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

"உங்களுக்கு எதுங்க வசதி? பட்டை எப்பவும் இருக்கறதா, மறைஞ்சு இருக்கறதா?" என்று நறுமுகை கேட்டாள்.

"இருங்க மேடம், இவ முடிக்கட்டும்," என்றாள் மெஹருன்னிசா.

பிஞ்சுக் கை மீண்டும் உயர்ந்தது. ஆரோக்கியராஜ் நாற்காலியை இழுத்து நறுமுகையின் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"இப்ப வரும் பாரு," என்றான் அவளிடம்.