கடைசி ஆணி

"அந்த ஆள் படம் இந்தச் சுவர்ல ஏறினா, நான் இந்த வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்!"

நூலக வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார் 'முழக்கம்'. தலை நரைத்தும் குரல் நரைக்காத மனிதர்.

நகரத்தின் பழைய நாடாளுமன்றத் தொகுதி, வரைபடத்திலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் வரலாற்றை நூலகச் சுவரில் படங்களாக மாட்டியிருந்தார்கள். முதல் உறுப்பினரிலிருந்து வரிசையாக எல்லோரும் இருந்தார்கள். கடைசி ஆணி மட்டும் காலி.

அந்த ஆணிக்கு உரிய கடைசி உறுப்பினர் கைத்தடியோடு ஓரமாக நின்றார்.

"நம்ம தொகுதியைப் பக்கத்துத் தொகுதியில கரைச்சாங்க. ஏன்னு கேட்டோம். இவர் வாயைத் திறந்தாரா? என்ன விலைக்கு வித்தாரோ!"

"விடுங்கண்ணே, வயசானவர்" என்றார் நூலகர் அம்மா.

"எனக்கு மட்டும் வயசு குறையுதா? இந்தா, இதை மாட்டு!"

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். தெரு நெடுகப் பூட்டிய கதவுகள். நடுவில் கொடியோடு இளவயது முழக்கம்.

"தண்ணி விடாத வருஷம். மக்கள்தொகைக் கணக்குக்கு வந்தாங்க. 'தண்ணி கேட்டப்போ கண்ணுக்குத் தெரியாத தலை, எண்ணுறதுக்கு மட்டும் தெரியுதா?'ன்னேன். ஆலைக் குடியிருப்பு மொத்தமும் கதவைச் சாத்திச்சு. ஒரு தலை கணக்குல ஏறலே! அது போராட்டம்!"

"சண்டை வேண்டாம்மா. அண்ணன் படத்தையே மாட்டுங்க" என்றார் முன்னாள் உறுப்பினர். தன் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"பார்த்தியா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது!"

நூலகர் அந்தப் படத்தைக் கடைசி ஆணியில் மாட்டி நேராக்கினார்.

"அன்னைக்குக் கணக்கெடுக்க வந்தவ நான்தாண்ணே. தட்டின கதவெல்லாம் பூட்டு. ஆளில்லாத வீடுன்னு பதிவாச்சு. அந்தத் தலைங்க குறைஞ்சுதான் தொகுதியே போச்சு. தொகுதி பிரிக்கிற கமிஷன்ல அவர் எவ்வளவோ மன்றாடினார். கணக்கு கணக்குதான்னுட்டாங்க."

முழக்கம் வாசலிலிருந்து எழுந்தார்.

"அப்ப... ஏன் அவர் எங்ககிட்ட சொல்லலே?"

"நானும் கேட்டேண்ணே. ஊரே திட்டுதே, உண்மையைச் சொல்லிடுங்கன்னு."

"என்ன சொன்னார்?"

"'தொகுதி போச்சு, நானும் போயிடுவேன். அந்த ஜனங்களுக்கு மிச்சம் இருக்கிறது அந்த மனுஷன் குரல் ஒண்ணுதான். உண்மை தெரிஞ்சு அதையும் நம்பாம போயிட்டா, அவங்களுக்காக யாரும்மா கேப்பாங்க?'ன்னார்."