குளத்தக்காவின் நாலு விரல் தண்ணீர்

டீ வடிகட்டியில் ஒட்டிய சக்கையைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, என் பிள்ளைக்காகக் கட்டிய கதை இது.

ஒரு பங்களாவில் ஒரு நீச்சல்குளம் இருந்தது. அதன் அழுக்கையெல்லாம் வடிகட்டிப் பிடித்துவைத்துக்கொள்வது, பக்கத்துத் தொட்டிக்குள் இருந்த மணல்.

“அக்கா, மூச்சு முட்டுது. கொஞ்சம் தண்ணியைக் கீழேயிருந்து மேலே திருப்பி விட்டீங்கன்னா, அழுக்கை அலசி அந்தத் தண்ணியோடயே வெளியே தள்ளிடுவேன்” என்றது மணல்.

“ஞாயித்துக்கிழமை விருந்து இருக்கு. நாலு விரல் தண்ணி குறைஞ்சா பாக்க நல்லாவா இருக்கும்?” என்றது குளம். “ஆமா, இருட்டுல சும்மா உக்காந்திருக்கிற உனக்கு ஏதுடி இவ்வளவு அழுக்கு?”

“எல்லாம் உங்க வீட்டுச் சீதனம்தான் அக்கா. தலைமுடி, எண்ணெய், எச்சில்…”

தொட்டியின் மேல் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, “இதுக்குமேல எனக்கு ஏற இடமில்லை தாயி!” என்று கத்தியது.

“உனக்கு எப்பவும் இதே பாட்டு” என்றது குளம்.

ஞாயிற்றுக்கிழமை குளம், கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி நின்றது. விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“எல்லாம் இந்த மணல் மூதேவியாலதான்!” என்று குளம் அழுதது. வீட்டுக்காரர் மணலை வாரித் தெருவோரம் கொட்டிவிட்டு, புது மணல் போட்டார்.

“நீயாவது சுத்தமா இருந்து பேர் வாங்குடி” என்றது குளம்.

புது மணல் பயந்து பயந்து, “அக்கா, அதுக்கு நீங்க வாரம் ஒருதரம்…” என்று ஆரம்பிக்கும்போதே, என் மாமியார் கூப்பிடுகிறார். “இதோ வரேன் அத்தை, வடிகட்டி இன்னும்…”