எண்ணெய் உருளியில் பிறந்தவர்

1946 பிப்ரவரி 11, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருவனந்தபுரம் கோட்டைக்குள் நாகேஸ்வரன் வீட்டு முற்றத்தில் அவருடைய அண்ணன் மகன் பட்டாபி பிறந்தார். வயது முப்பத்தெட்டு.

நாலு வருஷத்துக்கு முன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மூழ்கிய ஒரு கப்பலின் பயணிகள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கப்பலை அவர் தவறவிட்ட விஷயம் பட்டியலுக்குத் தெரியாது. வீட்டில் தர்ப்பைப் புல்லால் ஒரு பட்டாபியைச் செய்து, கொளுத்தி, பதின்மூன்று நாள் காரியத்தையும் முடித்துவிட்டார்கள்.

அவரோ சயாமில், ஜப்பான்காரனின் ரயில்பாதைக் காட்டில் மண் சுமந்துகொண்டிருந்தார். ஒன்பது நாளைக்கு முன்புதான் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி, நடந்து வந்து, கதவைத் தட்டினார்.

காரியம் செய்து அனுப்பிய ஆளை அப்படியே வீட்டுக்குள் விட முடியாது. அவர் மறுபடி பிறக்க வேண்டும். பெயர் வைத்து, பூணூல் போட்டு, அதே பெண்டாட்டியை இன்னொரு தரம் கட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை அவளோடு பேச்சுகூடக் கூடாது. பிச்சுமணி சாஸ்திரிகள் பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லாம் ஒரே காலையில் நடத்துவதென்று முடிவாயிற்று.

பிறப்பதற்கு நெய்யில் முழுக வேண்டும். யுத்தம் முடிந்தும் நெய் கடைக்குத் திரும்பியிருக்கவில்லை. பாயசம் காய்ச்சும் பெரிய உருளியில் தேங்காயெண்ணெயை நிரப்பி, மேலே இரண்டு கரண்டி நெய் விட்டார் சாஸ்திரிகள்.

முஷ்டியை மூடி, முழங்காலைக் கட்டி உள்ளே குந்தியிருந்த பட்டாபி எழுந்தார். வழுக்கினார். மறுபடி உள்ளே விழுந்தார்.

"இரட்டைப் பிள்ளையாக்கும்!" என்றாள் எதிர்வீட்டு சூடாமணி.

முற்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாமிகள் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பெயர் வைக்கும்வரை குழந்தை பேசக் கூடாது, அழலாம் என்றார் சாஸ்திரிகள். பட்டாபி அழுது காட்டினார். மறுபடி சிரிப்பு.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா நாகேஸ்வரன் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

பட்டாபியின் பெண்டாட்டி லலிதாம்பாளின் ராஜினாமாக் கடிதம். சித்தப்பாவே எழுதியது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

புருஷன் போனான் என்று ஆன பிறகு லலிதாம்பாள் பரீட்சை எழுதி, ரேஷன் ஆபீசில் குமாஸ்தாவானாள். குடையும் பையுமாக அவள் நடந்து வந்தால் சாலைக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த நாலு வருஷத்தில் அவளுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

ஒன்பது நாளாகப் பட்டாபி, தங்க இடம் கொடுத்த சூடாமணி வீட்டு மாடியிலிருந்து அந்தக் குடை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேலைக்குப் போகட்டுமே என்று சித்தப்பாவிடம் சொல்லியும் பார்த்தார். செத்தவனுக்கு இதில் பேச்சே இல்லை என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

இப்போது பிறந்தாயிற்று. இப்போதும் பேச முடியாது.

"ஆம்படையான் பொறந்தாச்சு. இனி உத்தியோகம் எதுக்கு? முதல்ல கையெழுத்து, அப்புறம் தாலி," என்றார் சித்தப்பா.

பட்டாபி வாயைத் திறந்தார்.

"குழந்தே! மூச்!" என்று அதட்டினார் சாஸ்திரிகள்.

பிறந்த குழந்தையின் நாக்கில் வைப்பதற்காகத் தூணோரம் உட்கார்ந்து தேனும் நெய்யும் குழைத்துக்கொண்டிருந்த லலிதாம்பாள், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். ஆபீஸ் பழக்கம், முன்னும் பின்னும் திருப்பி, கடைசி வரி வரை படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அவர் கையாலே தரட்டும். போடறேன்."

சித்தப்பாவுக்குப் பரம திருப்தி. காகிதத்தைக் குழந்தையின் எண்ணெய்க் கையில் திணித்தார்.

பட்டாபி காகிதத்தைப் பார்த்தார். லலிதாம்பாளைப் பார்த்தார். அவள் தேன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையில் கிடைத்ததைக் குழந்தைகள் என்ன செய்யுமோ அதை அவரும் செய்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, துப்புடா! துப்பு!" சித்தப்பா பாய்ந்து தாடையைப் பிடித்தார். எண்ணெயில் பிடி வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது.

சயாம் காட்டில் மூன்று வருஷம் கிழங்குத் தோலையும் பெயர் தெரியாத இலைகளையும் தின்றவர் நிதானமாக மென்றார். ராஜினாமா தடையில்லாமல் உள்ளே இறங்கியது.

"பாவம், பசிக்கறது. யாராவது பால் குடுங்கோளேன்," என்றாள் சூடாமணி. அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, சிரித்துச் சிரித்து.

"வேறே காகிதம் கொண்டாங்கோ!" என்று கத்தினார் சித்தப்பா.

சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார். பெயர் பாக்கி, மொட்டை பாக்கி, பூணூல் பாக்கி. "ஓய் நாகேஸ்வரன், காகிதமா, கல்யாணமா? சீக்கிரம் சொல்லும்."

அடுப்பில் நாற்பது பேருக்குச் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

முறைப்படி நாக்கில் தேன் வைக்கச் சாஸ்திரிகள் குனிந்தபோது குழந்தை வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையாட்டியது.

அதற்கு முன்பே தேன் கிடைத்திருந்தது. காகிதத்தின் ஒரு மூலையில், பின்பக்கமாக, ஒரு விரல் அகலத்துக்குத் தடவியிருந்தது.

பதினொன்றரை மணிக்குத் தாலி ஏறியது.

லலிதாம்பாள் அன்றைக்கு அரைநாள் லீவுதான் போட்டிருந்தாள். இரண்டு மணிக்கு ஆபீசில் இருந்தாள்.